சைகோன் மருமகளுக்கு எந்தச் சொல் முதலில்

அறுபதுகளின் நடுவில் நான் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு தொடக்கப்பள்ளி டீச்சர். சொந்த ஊர் சிதம்பரம். சனி ஞாயிறு பாசஞ்சர் ரயில் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன். மற்ற நாளெல்லாம் ஓ.டி.யில் வாடகை வீடு. பக்கத்து வீடு ஒரு பாயம்மாவுடையது. அவர் மகன் வியட்நாமில், சைகோனில் கடை வைத்திருந்தவர். அங்கே சண்டை முற்றியதும், அந்த ஊரிலேயே நிக்காஹ் செய்துகொண்ட மனைவியையும் இரண்டு வயசுப் பெண்குழந்தையையும் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டார். கடையை ஒழுங்கு பண்ணிவிட்டு வருகிறேன் என்று திரும்பக் கப்பலேறிவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஊர்ப் பேச்சில்தான் பேசிக்கொள்வார்களாம். அவர் போனதும் இவளோடு பேச ஓ.டி.யில் ஒரு ஆள் இல்லை.

பாயம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "டீச்சரம்மா, ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லித் தர்றீங்க. எங்க வூட்டு ஊமைக்கும் ரெண்டு வார்த்த சொல்லித் தாங்களேன்."

ஊமையாவது! என்னைவிட நாலைந்து வயசு சின்னவள், கண்ணாலேயே ஆயிரம் கேட்கிறவள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனேன்.

கையோடு ஒன்றாம் வகுப்புப் படப் புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். ஈட்டி, எருது, ஒட்டகம், ஓணான். அவள் கைகட்டி உட்கார்ந்து, பயபக்தியோடு திருப்பிச் சொன்னாள். ஓணான் வரைக்கும் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. ஈட்டியை வைத்துக்கொண்டு இவள் யாரைக் குத்தப்போகிறாள்? ஓ.டி.யில் ஒட்டகத்தை யார் கண்டது? என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தமிழோடுதான் உள்ளே வருகிறார்கள், எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் தாங்கும். இவளுக்கு அப்படி இல்லை. எது முதலில் வேண்டும் என்று பார்த்துத்தான் கொடுக்கவேண்டும்.

அதைப் பார்த்துக் கொடுக்கத்தான் பாயம்மா இருந்தாரே. வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "சரி மாமி", "ஆச்சு மாமி", "இதோ வர்றேன் மாமி" மூன்றும் முதல் வாரமே வந்துவிட்டன. உப்பு, புளி, இறால், அடுப்பு எல்லாம் வந்தன. நான் "ஏன்", "எப்போ" என்று ஆரம்பித்தால், "கேள்வியெல்லாம் எதுக்கு டீச்சரம்மா, பதில் வந்தாப் போதாதா?" என்பார். ஒருநாள் "வேணாம்" என்ற சொல்லை எடுத்தேன். பாயம்மா பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அத யாரும் சொல்லித் தர வேணாம். தானா வந்துரும்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கெட்ட மனுஷி இல்லை அவர். மருமகளுக்கு மீன்முள் எடுத்துத் தட்டில் வைக்கிற கை அது. அவருக்கு வேண்டிய மருமகளை அவர் வார்த்தையாலேயே செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை மருமகள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். குழந்தை மடியில். பாயம்மா என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல எம்மவ வூட்ல விருந்து. நீங்களும் வந்துருங்க. புள்ளைய அங்கயே வுட்டுட்டு வரப் போறோம்."

"எந்தப் புள்ளைய?"

"இதத்தான். எம்மவளுக்கு ரொம்ப வருஷமா வயித்துல ஒண்ணும் தங்கல. மாப்ள வூட்ல ரெண்டாங்கல்யாணப் பேச்சு எடுத்துட்டாங்க டீச்சரம்மா. இவ சின்னவ. அல்லா இவளுக்கு இன்னும் குடுப்பான்."

"உங்க மகனுக்குத் தெரியுமா?"

"வந்தாச் சொல்லிக்கலாம்."

இத்தனையும் அவளை எதிரே வைத்துக்கொண்டு. "புள்ள" என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். தெரிந்த சொல் வந்துவிட்ட சந்தோஷம்.

நானே புகுந்து சண்டை போட்டிருக்கலாம், வாய் எனக்கு ஜாஸ்திதான். ஆனால் அடுத்த வீட்டு டீச்சர் சொல்லி இது நின்றால் நாலு நாள் கழித்து மறுபடி கிளம்பும். மறுப்பு அவள் வாயால் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவேண்டும்.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அவள் எழுந்து வந்துவிடுவாள். பாயம்மா தஸ்பீமணி உருட்டிவிட்டு எழுந்திருக்க நேரமாகும். அன்றிலிருந்து அந்த இடைவெளிதான் எங்கள் வகுப்பு. கிணற்றடியில் நின்று குழந்தையைக் காட்டிக் கேட்டேன்: "யார் புள்ள?"

"என் புள்ள."

ஒரு சொம்பை அவள் கையில் கொடுத்து, கேட்டு வாங்கி, மறுபடி கொடுத்து, இந்தத் தடவை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, "குடுக்க மாட்டேன்" என்று சொல்லவைத்தேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைக்கு நேராகக் கையை நீட்டினேன். சிரிப்பு நின்றது. "யாரு?" என்றாள். சிதம்பரத்திலிருக்கும் புருஷனின் அக்காவை, புருஷனைப் போலவே அவளும் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"லாத்தா" என்றேன்.

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னோம். மாட்டேன். மாட்டேன். வெள்ளிக்கிழமை அவள் சொன்னதில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் பிரியாணி மணத்தது. லாத்தா புதுக் கவுன் தைத்து வைத்திருந்தாள், சின்னதாக ஒரு கட்டில் போட்டு வைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி கரைந்துபோயிற்று. குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். தூக்கி மார்போடு அணைத்தாள். குழந்தை வீல் என்று கத்தி அம்மா பக்கம் சாய்ந்தது.

"கொஞ்ச நாள்ல பழகிரும்" என்றார் பாயம்மா. மருமகளின் தோளைத் தொட்டு, "கெளம்பலாமா?" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். சொல்லுடி, சொல்லு, என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது.

"லாத்தா" என்றாள். "பாப்பா எடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாவி, மறந்துவிட்டாளா?

"என்னயும் எடுங்க. நான் இங்க. சமையல் நான். துணி நான். பாப்பா தூங்கும், நான் பக்கத்துல."

யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. பாயம்மா சொல்லித் தந்த அடுப்படிச் சொல்லையெல்லாம் தானே பொறுக்கி எடுத்துக் கோத்திருந்தாள்.

"என்னடி ஒளர்ற?" என்றார் பாயம்மா.

"நீங்க சும்மா இருங்கம்மா" என்றாள் லாத்தா. "பெத்தவளே வந்து வேலைக்காரியா வச்சிக்கோன்னு கேக்கிறா. இந்தப் பாவம் எனக்கு வேணாம். எனக்கு வர்றது வரட்டும். புள்ள அவகிட்டயே இருக்கட்டும்."

மருமகளை உட்காரவைத்து, குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். குழந்தை இன்னும் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது. லாத்தா தன் கண்ணைத் துடைத்துக் காட்டி, கையை ஆட்டிக் கேட்டாள்: "அழாதேன்னு ஒங்க பேச்சுல எப்பிடி சொல்லணும்?"

அந்தக் குடும்பத்தில் புருஷனைத் தவிர அவளிடம் ஒரு சொல்லைக் கேட்டவர் அதுவரை யாருமில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். லாத்தா திருப்பிச் சொன்னாள். தப்பு போலிருக்கிறது, அவள் இல்லை என்று தலையாட்டி மறுபடி சொல்லிக் கொடுத்தாள். மூன்றாம் தரம் சரியாக வந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி, யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தது. அப்போது லாத்தா அழுதுகொண்டிருந்தாள்.