பலகையில் ரெண்டு தட்டு

வேலுத்தாய்க்கு ஜிஷாவைக் கண்டாலே வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பொறாமைதான், கலப்படமில்லாத பொறாமை. ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளைக்கு இருபத்தாறு வயசுப் பிள்ளைமேல், அதுவும் கண் தெரியாத பிள்ளைமேல் பொறாமை வரலாமா என்றால், வரக்கூடாதுதான். வந்துவிட்டதே, என்ன செய்ய?

மாட்டுப்பட்டி அணையைத் தாண்டி மேலே ஏறினால் ஒரு பழைய தேயிலை பாக்டரி. அது மூடி, மியூசியமாகி எட்டு வருஷம் ஆகிறது. அந்த பாக்டரியின் ரோலர் ரூமில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் வேலுத்தாய். கொழுந்தை உருட்டிச் சுருட்டுகிற மெஷின்கள் ஓட ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. யாரையாவது கூப்பிட வேண்டுமானால் பலகைத் தரையில் குதிகாலால் ரெண்டு தட்டு தட்டுவார்கள். அதிர்வு காலில் ஏறும். அவள் திரும்பிப் பார்ப்பாள். மியூசியம் ஆன பிறகு, வருகிறவர்களுக்கு அதே ரூமில் நின்று விளக்கிச் சொல்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. அந்த ரெண்டு தட்டையும் தட்டிக் காட்டுவாள். ஜனம் சிரிக்கும், கைதட்டும். எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து இறங்கி வந்து அந்த ரூமுக்குள் கால் வைத்துவிட்டால் அவள் ராணி.

ராணிக்கு ஒரு ரகசியம் இருந்தது. காது போய்விட்டது. அந்த மெஷின்கள்தான் தின்றன. வலது காதில் சுத்தமாக ஒன்றுமில்லை, இடதில் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. புருஷன் பெரியமுத்துவுக்குத் தெரியும். மியூசியத்தில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். மற்றபடி, யாரும் கேள்வி கேட்க இடம் கொடுக்காமல் மூச்சுவிடாமல் பேசித் தள்ளுவாள். "வேலுத்தாயக்கா வாயைத் தொறந்தா மூட மாட்டாங்க" என்று பேர். இருந்துட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன வருஷம் பொறுப்பாளர் சிவப்பிரகாஷ், மியூசியத்துக்கு எல்லாரும் வரணும் என்று கிளம்பினார். வாசல் படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறச் சரிவு கட்டினார். வியாழக்கிழமை காலையில் மெஷினை ஓட்டக்கூடாது, பெரிய லைட்டைப் போடக்கூடாது. சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகள் அன்றைக்கு நிம்மதியாக வந்து பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த சாமானெல்லாம் தொட்டுப் பார்க்க வெளியே வந்தது. அதையெல்லாம் தொட்டுக் காட்டிச் சொல்ல வண்டிப்பெரியாரிலிருந்து ஜிஷா வந்தாள்.

வந்த மூன்றே மாசத்தில் "ஜிஷா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கொழுந்தை விரலில் நசுக்கி, "இது நேத்துச் சாயங்காலம் கிள்ளுனது" என்பாள் அவள். கூட்டம் "அம்மாடி!" என்று வாயைப் பிளக்கும். வேலுத்தாயும்தான் சொல்வாள், எட்டு வருஷமாகச் சொல்கிறாள், யார் பிளந்தார்கள்? பேப்பரில் ஜிஷா போட்டோ வந்தது. ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது வேலுத்தாயுடையது.

"அவளுக்குக் கண்ணில்லைன்னு கூப்பிட்டு வேலை குடுத்தாங்க. எனக்குக் காதில்லைன்னு தெரிஞ்சா வெளிய போன்னுருவாங்க. என்னங்க நியாயம் இது?" என்று பெரியமுத்துவிடம் பொருமினாள்.

அவர் அவள் முகத்துக்கு நேராக வந்து, "நீயும் சொல்லித்தான் பாரேன்" என்றார்.

"வாயக் கழுவுங்க!"

எல்லாவற்றையும்விட அந்தக் கைத்தடி. இவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து பலகையில் ரெண்டு தட்டு தட்டுவாள் ஜிஷா. உள்ளங்காலில் சுருக்கென்று ஏறும். 'என் வித்தையை என்கிட்டயே காட்டுறியாடி' என்று வெடுக்கெனத் திரும்பி முறைப்பாள். திரும்பிய இடத்தில் யாராவது ஒருத்தர் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்பார். அவர் உதட்டைப் பார்த்துப் பதிலைச் சொல்லிவிட்டு, ஜிஷாவை இன்னொரு முறை முறைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வாள்.

இப்படி இருக்கையில், டிக்கெட் கவுண்டருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை அங்க மாத்தணும். இந்த வியாழக்கிழமை நானே கூட நின்னு பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார் சிவப்பிரகாஷ். கவுண்டரில் சின்ன ஓட்டை வழியாகத்தான் பேசுவார்கள். முகம் தெரியாது. முதல் நாளே குட்டு உடைந்துவிடும்.

அதே பேச்சில் இன்னொன்றும் வந்தது. பலகைமேல் நடக்கிற சத்தத்துக்குச் சில பிள்ளைகள் மிரளுகிறார்கள், கனமான விரிப்பு போடலாமா என்று சிவப்பிரகாஷ் கேட்டார். ஜிஷா உடனே, "ரோலர் ரூமுக்கு மட்டும் வேண்டாம் சார். அங்க வர்றவங்களுக்கு மெத்துன்னு செருப்பு குடுப்போம்" என்றாள்.

ஏன் வேண்டாமாம்? டொக்கு டொக்கென்று தட்டிப் பவுசு காட்ட முடியாதே, அதனால்தானே? வேலுத்தாய் விடவில்லை. "அந்தப் புள்ளைகளுக்காகத்தானே சார் இவ்வளவும் செய்றோம்? போட்டா எல்லா ரூமுக்கும் போடணும்" என்று நியாயம் பேசினாள். ஜிஷா ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். புதன்கிழமை விரிப்பு வந்தது. அன்றைக்கு வேலுத்தாய் வீட்டில் கருவாட்டுக் குழம்பு.

வியாழக்கிழமை பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையிலிருந்து ராசம்மாள் என்கிற அம்மா மகளோடு வந்திருந்தாள். மகள் செல்வப்பிரியாவுக்குப் பத்தொன்பது வயசு, ஆட்டிசம். சத்தமென்றால் உயிர் போகும். யார் முகத்தையும் பார்க்காமல், வேலுத்தாய் நிற்கிற இடத்துக்கும் பின்னால் சுவரை ஒட்டி நின்றாள். சிவப்பிரகாஷ் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலுத்தாய் ஆரம்பித்தாள். விரிப்புமேல் நின்று அன்றைக்குப் பேசியதுபோல் அவள் என்றைக்கும் பேசியதில்லை. நடுவில் ஒரு தட்டு இல்லை, ஒரு தொந்தரவு இல்லை. 'பாத்தியா, வாலைச் சுருட்டிக்கிட்டா' என்று உள்ளுக்குள் குளிர்ந்தது. பழக்கதோஷத்தில் மெஷின் சுவிட்ச்மேல் கையைக்கூட வைத்துக்கொண்டாள்.

எதிரே நின்றவர்களின் பார்வையெல்லாம் தன்னைத் தாண்டிப் பின்னால் போவது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. திரும்பினாள். செல்வப்பிரியா தரையில் சுருண்டு, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

ராசம்மாள் வேலுத்தாயின் எதிரே வந்து நின்றாள். "ஏனுங்க, மெஷினைப் போடுவீங்களா போடுவீங்களான்னு எம்புள்ளை நாலு வாட்டி கேட்டாளுங்க. சுவிட்சுமேல கைய வெச்சிருக்கறது நீங்க, நாங்க சொன்னா அவ நம்பலீங்க. இல்ல சாமின்னு ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு என்னங்க கொறஞ்சு போயிரும்?"

அப்போதுதான் வேலுத்தாய் ஜிஷாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை முகமெல்லாம் வியர்த்து, ரெண்டு கையாலும் தடியைப் பிடித்து விரிப்புமேல் குத்திக்கொண்டிருந்தாள். ரெண்டு குத்து. நிறுத்தி, மறுபடி ரெண்டு குத்து. எவ்வளவு நேரமாகக் குத்துகிறாளோ, ஒரு துளி காலில் ஏறவில்லை.

அடிப்பாவி. இத்தனை நாளும் என்னையா கூப்பிட்டுக்கிட்டிருந்தே?

அத்தனை முறைப்பும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முறைக்கத் திரும்பிய ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு கேள்வி நின்றிருந்தது. ஒவ்வொரு தடவையும் தப்பித்திருந்தாள். கடைசியில் விரிப்பைப் போடச் சொல்லித் தன் காதைத் தானே அடைத்துக்கொண்டாள்.

கதவோரம் சிவப்பிரகாஷ் நிற்பது தெரியும். தெரிந்தேதான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். செல்வப்பிரியாவுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்தாள்.

"மெஷின் போட மாட்டேன் கண்ணு. நீ கேட்டது எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்காது. இந்த மெஷின் சத்தத்துலதான் போச்சு. எனக்கும் அதக் கண்டா ஆகாது."

செல்வப்பிரியா அவளைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள்.

எல்லாரும் போன பிறகு வேலுத்தாய் ஜிஷாவின் எதிரே போய் நின்றாள். "எப்பத் தெரியும்?"

"வந்த ரெண்டாம் நாளே. பின்னாடியிருந்து கூப்பிட்டேன், நீங்க பேச்ச நிறுத்தவே இல்ல. அதான் தட்டுனேன். தட்டுனா திரும்பணும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க."

"சார்கிட்டச் சொல்லிருக்கலாமே. ரூம் உனக்கே வந்திருக்கும்."

"நீங்களே சொல்லாதத நான் எப்படிக்கா சொல்ல?"

கவுண்டருக்கு வெளியிலிருந்து ஒரு ஆளைப் போட்டார் சிவப்பிரகாஷ். ரோலர் ரூம் வாசலில், இங்கே விளக்கம் சொல்பவருக்குக் காது கேட்காது, எதிரே நின்று கேளுங்கள் என்று பலகை மாட்டினார். வெள்ளிக்கிழமை காலையில், யாரும் சொல்லாமல், வேலுத்தாய் அந்த ரூமின் விரிப்பைச் சுருட்டி முதுகில் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோரில் போட்டாள்.

பொறாமை போச்சா என்றால், எங்கே போச்சு? முன்பு ஜிஷா வாங்கிய கைதட்டலுக்காக எரிந்தது. இப்போது அவள் மனசைப் பார்த்து எரிகிறது. இவளுக்கு இருக்கிறது தனக்கு ஏன் இல்லாமல் போச்சு என்று எரிகிறது.

அன்றைக்கும் பேச்சுக்கு நடுவே பலகையில் ரெண்டு தட்டு விழுந்தது. வேலுத்தாய் வெடுக்கெனத் திரும்பினாள்.

ஜிஷா சிரித்துக்கொண்டே, "முறைக்கிறீங்களாக்கா?" என்றாள்.

"ஆமாடி" என்றாள் வேலுத்தாய். "தட்டுறத மட்டும் நிறுத்திராத."