முணுமுணுப்புக்கு ஒரு நல்ல காது

அவைக்குறிப்பு எழுதுகிற அந்த அம்மாவுக்குக் காது கேட்காதாம் என்ற செய்தி காலை பத்து மணிக்கு அமைச்சர் அறையிலிருந்து கிளம்பியது. அப்போது ஒரு காதுதான். மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு காதாகிவிட்டது. மாலையில் எதிர்ச்சாரி டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது கண்ணும் மங்கல் என்று சேர்ந்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அப்படி ஒரு அம்மாவே கிடையாது என்று முடித்திருப்பார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவையில் ஒரு பெண் உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தபோது அமைச்சர் ஒருவர் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். அது பெண் என்பதற்காகச் சொன்ன வசவா, சாதாரண எரிச்சலா என்று இரண்டு வாரமாக நாடே அடித்துக்கொண்டிருந்தது. வாய்க்குள் சொன்னது அச்சுக்கு வந்ததற்கு ஒரே காரணம் இந்தச் சுருக்கெழுத்தாளர். அவருக்குக் காது சரியில்லை என்று ஆகிவிட்டால் அமைச்சர் எதுவும் சொல்லவில்லை என்று ஆகிவிடும். அம்மாவை அடித்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு அனுப்பிவிடலாம். மாற்றல் உத்தரவு தயாராகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஓய்வு பெற அவருக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

வதந்தியைப் பரப்பத்தான் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்குச் சம்பளம். சரிபார்க்க யாரும் தருவதில்லை. இருந்தாலும் அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கூடத்தில் மடக்கு மேஜை, அதன்மேல் காய்ந்துகொண்டிருந்த சாக்ஸ், சீவித் தயாராக ஒரு கத்தை பென்சில்கள். அலுவலகத்தில் அவருக்குப் பென்சிலக்கா என்றுதான் பேர். சோபாவில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிகுந்த மரியாதையோடு என் முதல் கேள்வியைக் கேட்டேன். பதில் இல்லை. இன்னும் மரியாதையாகக் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "சார், அந்தப் பக்கம் உட்கார்ந்தா பொழுது விடியும். இந்தப் பக்கம் வாங்க."

ஆக, வதந்தி உண்மை. இடது காது ஒன்பது வயதுக் காய்ச்சலில் போனது. அரைக்காது கூட இல்லை, முழுசாகப் போனது. அதை அவர் மறைக்கவும் இல்லை; வேலையில் சேரும்போதே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரர் மட்டும் அதை முப்பது வருடமாக நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார். வீட்டில் கேட்காமல் ஏதாவது வாங்கிவிட்டால் இடது பக்கம் நின்று சொல்லிவிடுவாராம். "சொன்னேனே, நீதான் கவனிக்கல" என்பாராம் அப்புறம்.

"அப்போ அமைச்சர் சொன்னது?" என்றேன், வலது பக்கத்திலிருந்து.

"அவர் எனக்கு வலது பக்கம்ல உட்கார்றாரு. ஆளுங்கட்சி வலது பக்கம், எதிர்க்கட்சி இடது பக்கம். நான் சேர்ந்த அன்னைக்கே நாற்காலியைப் பார்த்துத்தான் போட்டுக்கிட்டேன்."

"எதிர்க்கட்சி பேசுறது கேட்க வேண்டாமா?"

"கத்துறவங்களுக்கு எதுக்கு சார் காது? அதுபாட்டுக்கு வந்து விழும். முணுமுணுக்கிறவங்களுக்குத்தான் நல்ல காது வேணும்."

அவர் வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறு வருடத்தில் ஆட்சி நான்கு முறை மாறியிருக்கிறது. இடது பக்கம் கத்திக்கொண்டிருந்தவர்கள் வலது பக்கம் வந்ததும் முணுமுணுக்கத் தொடங்குவதை இவ்வளவு பக்கத்திலிருந்து கேட்டவர் வேறு யாரும் இருக்க முடியாது. அரசியல் விமர்சகர்கள் பலருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். என்ன பிரயோஜனம்?

அவருடைய வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவைத்தலைவர் மேடைக்குக் கீழே ஒரு மேஜை. அதில் பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று சுருக்கெழுத்தாளர்கள் முறை மாறி மாறி வந்து உட்கார்வார்கள். எழுந்து போனதும் பக்கத்து அறையில் தட்டச்சு செய்து, தாளின் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஒலிப்பதிவும் உண்டு. ஆனால் பேச அனுமதி பெற்றவரின் மைக் மட்டும்தான் உயிரோடிருக்கும். மற்றவர்கள் உட்கார்ந்தபடி சொல்வது அதில் ஏறாது. அதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது: உட்கார்ந்தபடி சொன்னதை அச்சில் ஏற்றக் கூடாது, பேசிக்கொண்டிருப்பவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மட்டும் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பதில் மட்டும் அந்தரத்தில் தொங்கும். இந்த விதியால் எத்தனையோ பெரிய மனிதர்கள் வரலாற்றில் பெரிய மனிதர்களாகவே இருக்கிறார்கள்.

அன்றைக்குப் பேசியவர் கணக்கு டீச்சராக இருந்து உறுப்பினரானவர். டீச்சர் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். சாக்கடைக் குழாய்த் திட்டத்தில் எத்தனை கிலோமீட்டர் குழாய் காகிதத்தில் இருக்கிறது, எத்தனை மண்ணுக்கடியில் இருக்கிறது என்று அவர் கழித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்தது என்று மணி அடித்தும் உட்காரவில்லை. அப்போதுதான் முதல் வரிசையில் அமைச்சர் பக்கத்துக்காரரிடம் சாய்ந்து சொன்னார்: "வீட்டுல அடங்காதது இங்க வந்தா அடங்கப்போகுது?"

பக்கத்துக்காரர் சிரித்தார். டீச்சர் நிறுத்தினார். "அமைச்சர் என்னவோ சொல்றாரு. எழுந்து நின்னு சொல்லட்டும். என் வீட்டைப் பத்தின்னா குழாய்க் கணக்கு முடிஞ்சதும் பேசலாம்" என்றார்.

பதில் வந்துவிட்டது. விதிப்படி முணுமுணுப்பும் ஏற வேண்டும். பென்சிலக்கா ஏற்றினார். பிரிவின் மேலதிகாரி, பதினைந்து வருடமாக யார் மனதும் நோகாமல் காலம் தள்ளியவர், அந்த வரியை அடித்துவிட்டு 'குறுக்கீடு' என்று எழுதினார்.

"சார், இப்படிப் போட்டா டீச்சர் சும்மா இருந்தவரை வம்புக்கு இழுத்த மாதிரி ஆகுது."

"ஆனா ஆகட்டும்மா. உங்களுக்கு எதுக்கு?"

"கீழ என் கையெழுத்து இருக்கே."

"அப்போ நான் போட்டுக்கிறேன்."

"உங்க முறை இல்லையே சார். நீங்க அங்க உட்காரவே இல்ல."

அரை மணி நேரம் தாள் அங்கும் இங்கும் போய் வந்தது. கடைசியில் அச்சகத்திலிருந்து ஆள் வந்து நின்றான். அவசரத்தில் பென்சிலக்கா கையெழுத்துப் போட்ட தாள்தான் போனது, வரியோடு.

பிறகு நடந்தது தெரிந்த கதை. அமைச்சர் முதல் நாள் எதுவும் சொல்லவே இல்லை என்றார். இரண்டாம் நாள், சொன்னேன், அந்த அம்மாவைச் சொல்லவில்லை என்றார். மூன்றாம் நாள், அவரைத்தான் சொன்னேன், ஆனால் ஆண் பெண் பார்த்துச் சொல்லவில்லை, எல்லாரையும் அப்படித்தான் சொல்வேன் என்றார். சமத்துவத்தில் அவருக்கு அவ்வளவு பற்று. விவகாரம் உறுப்பினர்களே விசாரிக்கும் உரிமைக் குழுவுக்குப் போனது. காது வதந்தி கிளம்பியது விசாரணைக்கு முந்தைய வாரம்.

இந்த அம்மாவை முழுக்கப் புகழ்ந்துவிட்டால் என் தொழிலுக்குத் துரோகம். எனவே மகள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அச்சில் அந்த வரியைப் படித்துவிட்டு அவள் அம்மாவிடம் கேட்டாளாம்: "இதையே நீ என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்க? வீட்டுல அடங்காதவ போற இடத்துல எப்படி அடங்குவேன்னு? தம்பிகிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கியா?"

என் எதிரிலேயே அதை மறுபடி சொன்னாள். பென்சிலக்கா மறுக்கவில்லை. சீவின பென்சிலையே மறுபடி சீவினார். "சொல்லியிருக்கேன். அவன்கிட்ட சொன்னதில்ல" என்றார். பென்சில் முனையை ஊதிவிட்டு, "அப்போதான் எனக்கே உறைச்சுது. அதுவரைக்கும் நானும் சாதாரண பேச்சுன்னுதான் நினைச்சேன்" என்றார். உரிமைக் குழு மூன்று அமர்வில் கேட்க வேண்டிய கேள்வியை இந்தப் பெண் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே கேட்டு முடித்திருக்கிறாள்.

விசாரணை நாளில் அவை நடந்துகொண்டிருந்தது. பதினொன்றே முக்காலுக்கு அவர் முறை. அதே நேரத்தில் குழு கூப்பிட்டது. அவர் முறையை எடுத்துக்கொண்டவர் சக சுருக்கெழுத்தாளர் மாப்பிள்ளை. அவர் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. கல்யாணமான மறுவாரம் வேலைக்குச் சேர்ந்ததால் அந்தப் பேர். இப்போது அவர் மகளுக்கே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார். "போங்கக்கா. நான் பார்த்துக்கிறேன். அவங்க வலது பக்கம் வர்ற மாதிரி உட்கார்ந்துக்கங்க" என்று அனுப்பிவைத்திருக்கிறார்.

குழுவில் ஐந்து பேர். அமைச்சரின் கட்சிக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். "ஒரு காது கேட்காதாமே?"

"ஆமாங்கய்யா. இடது."

"அப்புறம் எப்படி நாங்க நம்புறது?"

"நீங்க நம்ப வேண்டாங்கய்யா. நான் உள்ள வந்ததும் பக்கத்து ஐயாகிட்ட, 'இது ரெண்டு கேள்வியில அழுதுடும்'னு சொன்னீங்க. அது சரியா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

பக்கத்து ஐயா தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு காது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

குழுத் தலைவர், வயதான வக்கீல், நேராகக் கேட்டார். "அமைச்சர் எல்லாரையும் இப்படித்தான் சொல்வேங்கிறார். உண்மையா?"

"ஞாபகத்துல இருந்து சொல்ல மாட்டேன். நோட்டைப் பார்த்துச் சொல்றேன்."

"எந்த நோட்டு?"

அச்சில் ஏறாவிட்டாலும் காதில் விழுந்த எல்லாவற்றையும் பென்சிலக்கா நோட்டின் ஓரத்தில் குறித்துவைப்பார். பேசுபவர் எந்த நிமிடம் பதில் சொல்வார் என்று தெரியாதல்லவா, அதற்காக. அந்த அவையின் காலம் முடியும்வரை நோட்டுகளை அலமாரியில் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. நான்கு வருட நோட்டுகள். ஐந்து உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் தங்கள் நான்கு வருடத்தை யோசித்துப் பார்த்தார்கள். கட்சி வேறுபாடு மறந்து ஒரு குரல் எழுந்தது: "எல்லா நோட்டும் எதுக்கும்மா? சிரமம்."

"அமைச்சர் சொன்னது மட்டும்தான் கொண்டுவந்தேங்கய்யா" என்றார். ஐந்து பெருமூச்சுகள். அதையும் அவர் குறித்திருந்தால் ஆச்சரியமில்லை.

படித்தார். அவர் முறையில் விழுந்தது மட்டும். ஆண் உறுப்பினர்களைப் பார்த்து அமைச்சர் முணுமுணுத்தது ஐம்பத்திரண்டு முறை. 'பொய்.' 'கணக்கே தப்பு.' 'போன வருஷமும் இதையேதான் சொன்னான்.' 'எவனோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறான்.' பெண் உறுப்பினர்களைப் பார்த்துப் பதினான்கு முறை. 'குரலைப் பாரு.' 'புருஷன் பாவம்.' 'யாருக்காக இவ்வளவு அலங்காரம்?' 'வீட்டுல வேலை இல்லபோல.' பதினைந்தாவது, சாக்கடைக் குழாய் அன்று.

படித்து முடித்து நோட்டை மூடினார். "இது வசவா இல்லையாங்கறது என் வேலை இல்லைங்கய்யா. ஆம்பளைங்களைச் சொன்னப்போ அவங்க பேசினதைச் சொல்லியிருக்காரு. பொம்பளைங்களைச் சொன்னப்போ ஒரு தடவைகூட அவங்க பேசினதைச் சொல்லல. எழுதினபடி அவ்வளவுதான்."

பெண் என்பதால் சொல்லப்பட்ட இழிசொல்தான் என்று மூவர், இல்லை என்று இருவர். தண்ணீர் குடித்த ஐயா மூவர் பக்கம். நோட்டின் மற்றப் பக்கங்கள்மேல் அவருக்கு இருந்த பயமா, நியாய உணர்வா என்று எனக்குத் தெரியாது. நாட்டில் நல்லது பாதி இப்படித்தான் நடக்கிறது. அமைச்சர் எழுந்து நின்று, "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்றார். யார் மனம் என்று அவருக்கு இன்னும் தகவல் வரவில்லை. டீச்சர் நன்றி சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து குழாய்க் கணக்கைத் தொடர்ந்தார். இருநூற்றுப் பதினாறு கிலோமீட்டர் குறைகிறது.

மாற்றல் உத்தரவைத் தேடினால் கிடைக்கவில்லை என்கிறார்கள். மேலதிகாரி இப்போது பென்சிலக்காவின் வலது பக்கம் வந்துதான் பேசுகிறார், அதுவும் யோசித்து. நாற்காலி போட்ட இடத்திலேயே இருக்கிறது. வீரம் என்று ஏதாவது சொல்வாரா என்று கடைசியாகக் கேட்டுப் பார்த்தேன். "கையெழுத்துப் போட்டா போட்டதுதானே சார்" என்றார். அதற்குமேல் பெயரவில்லை.

ஒன்று மட்டும் அவருக்கு உறுத்துகிறது. அந்தப் பிரிவில் ஒருவர் முறையை இன்னொருவர் எடுத்தால் அதைப் பத்து நிமிடமாகவே திருப்ப வேண்டும். டீயாக வாங்கிக் கொடுத்தால் செல்லாது. விசாரணை முடிந்த மறுநாளே அவர் மாப்பிள்ளையிடம் போய் நின்றார்.

"எழுந்திருங்க. உங்க முறையை நான் எடுத்துக்கிறேன்."

"இப்ப வேண்டாங்கக்கா. இன்னைக்கு இரங்கல் தீர்மானம், பாதி நேரம் மௌனம்தான். இதுலயா கழிப்பீங்க? நிதியமைச்சர் பட்ஜெட் படிக்கிற அன்னைக்கு வாங்கிக்கிறேன்."

"அதுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு."

"ஓய்வுக்கு மூணு வருஷம் இருக்குல்ல? அவசரம் என்ன?"

பட்ஜெட்டின் பத்து நிமிடம் சாதாரணப் பத்து நிமிடத்துக்குச் சமமா என்று பிரிவில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பென்சிலக்கா தினமும் காலையில் கேட்டுவிடுகிறார். நேற்றும் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.