அணைந்த பெட்டிக்குள் ஓடிய மணிக்கூடு

என் வீட்டு முன்னறையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. நெல்லியடியில் வேறு எந்த வீட்டிலும் அப்போது இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. இருந்திருந்தால் யாராவது வந்து என்னிடம் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார்கள். அறை என்னுடையது, பெட்டி அங்கே வாடகைக்கு இருந்த தம்பியுடையது. கொழும்பில் வேலை பார்த்தவர், தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்குமுன் அதைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பிறகுதான் கறண்ட் நின்றது.

பெற்றோலுக்குத் தட்டுப்பாடு; தம்பி குழந்தைகளின் சூப்பிப் போத்தலால் நாலு சொட்டு மட்டும் விட்டு ஜெனரேற்றரைக் கிளப்பி, அப்படியே மண்ணெண்ணெயில் ஓடவிடுவார். புகையில் என் சுவரெல்லாம் கறுத்தது. அந்தப் பெட்டியில் அவர் சாதகம் கணித்தார். மாப்பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருந்த காலம். கொம்பியூட்டர் கணித்த சாதகம்தான் வேண்டுமென்று அங்கிருந்து கேட்டார்கள். அது ஆங்கிலத்தில் அடித்துத் தள்ளுவதைத் தம்பி கீழே தமிழில் எழுதிக் கொடுப்பார். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், அவ்வளவுதான்.

என் தங்கை இறந்தபின் அவள் மகளை நான்தான் வளர்த்தேன். அவளுக்குக் கொடிகாமத்தில் ஒரு சம்பந்தம் பேசி, முக்கால்வாசி சரிவந்திருந்தது. மாப்பிள்ளை கனடாவில். ஒரு நாள் காலை மாப்பிள்ளையின் தகப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் நாங்கள் கொடுத்த சாதகம். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"தங்கச்சி, பிள்ளைக்கு ஜென்மச் சனி நடக்குதாமே. மறைச்சுப் போட்டியளே?"

எனக்குச் சுறுக்கென்றது. "அண்ணை, அது அவள் பள்ளிக்கூடம் போகேக்கை வந்து போனது. சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் எரிச்சு அந்தாளை வழியனுப்பினவள் நான். என்னட்டையே வந்து கேக்கிறியள்?"

"சாத்திரியாரும் முடிஞ்சுதெண்டுதான் சொல்லுறார். உங்கடை முன்னறைப் பெட்டியெல்லோ நடக்குதெண்டு சொல்லுது. என்ரை பெடியன் சாத்திரியாரை நம்பான், உந்தப் பெட்டியைத்தான் நம்புவான். இது தெளியாட்டி இந்தப் பேச்சை விட்டிடுவம்."

அறைக் கதவுக்குப் பின்னால் பிள்ளையின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

தம்பியைக் கூப்பிட்டேன். அவர் தாளைப் பார்த்தார்; அதன் மூலையில் அடித்திருந்த திகதியைப் பார்த்தார்; முகம் மாறிப்போயிற்று.

"அம்மா, பிழை என்னிலை. கணிச்ச நாளை எண்பதாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி எண்டு போட்டிருக்கு. பெட்டியை எப்ப போட்டாலும் அங்கைதான் போய் நிக்கும். நான் ஒவ்வொருக்காலும் திகதியைச் சரியாக்கிறனான். அண்டைக்கு இடையிலை ஜெனரேற்றர் நிண்டு போச்சு. திரும்பப் போட்டாப்பிறகு திகதியைச் சரியாக்க மறந்திட்டன். அது எண்பதிலை நிண்டுகொண்டு சனியைப் பார்த்திருக்கு."

உடனே ஜெனரேற்றரைக் கிளப்பி, திகதியை மாற்றி அடித்தார். சனி போய்விட்டது. தகப்பனார் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"திகதியை மாத்தினால் சனி போகுமோ? அப்ப எனக்கும் ஒரு இருபது வயசைக் குறைச்சு விடும் தம்பி! நீர் சொல்லிக் குடுத்து அது சொல்லக் கூடாது. அது தானாச் சொல்லவேணும்."

தம்பி பெட்டியை நிற்பாட்டி மூடியைக் கழற்றினார். அன்றுதான் நான் உள்ளே பார்த்தேன். வெங்காயப் பாத்திபோல வரம்பு வரம்பாக ஒரு பச்சைத் தகடு. தண்ணீர் பாய்ச்சினால் ஓடும் என்று சொல்லலாம், அத்தனை ஒழுங்கு. யார் கட்டினார்களோ! ஒரு மூலையில் பாசி பிடித்து வீங்கிய ஒரு சின்னப் பற்றறி.

"இதுக்குள்ளை ரெண்டு மணிக்கூடு, அம்மா. ஒண்டு பெட்டி முழிச்சிருக்கேக்கை எண்ணும். மற்றது பெட்டி நித்திரையிலையும் எண்ணும், இந்தப் பற்றறியாலை. முழிச்ச உடனை முதலாவது ரெண்டாவதிட்டைத்தான் நேரம் கேக்கும். அது செத்துப்போனபடியால் மறுமொழி இல்லை."

பற்றறிக்கு எங்கே போவது? ரோச் லைற்றுக்கு ஒன்றைக்கூட இராணுவம் ஊருக்குள் வர விடாத காலம். என் றேடியோவின் நாலு பற்றறியும் செத்து, ஊரெல்லாம் செய்வதுபோல நானும் ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்திருந்தேன். காய்ந்தாலும் செய்தியில் அரை வசனம் சொல்லிவிட்டு அடங்கிவிடும்.

"செத்ததுகள், தம்பி" என்றேன்.

"றேடியோவுக்குத்தான் செத்தது. இதுக்கு ஒரு துளி இருந்தாலே காணும்."

சைக்கிள் ரியூப் துண்டால் நாலையும் சேர்த்துக் கட்டி, வயர் இழுத்துப் பொருத்தினார். பெட்டியைத் திரும்பப் போட்டு, திகதியையும், தகப்பனாரின் கைமணிக்கூட்டைப் பார்த்தே நேரத்தையும் அடித்தார். பிறகு பெட்டியையும் ஜெனரேற்றரையும் நிற்பாட்டிவிட்டார்.

"இனிச் சாப்பிடுவம்" என்றார்.

என் வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் எனக்கில்லை. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பிள்ளைதான் பரிமாறினாள். குழம்பை அவருக்கு இரண்டு தரம் ஊற்றினாள். அவர் பார்த்தும் பாராததுபோலச் சாப்பிட்டார். கை கழுவி, வெற்றிலையும் போட்டான பிறகுதான் தம்பி ஜெனரேற்றரைக் கிளப்பினார்.

திரையில் திகதி வந்தது. அன்றைய திகதி. பக்கத்தில் நேரம். தகப்பனார் கைமணிக்கூட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். இரண்டும் ஒன்று.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் சுவர் மணிக்கூடு சாவி கொடுக்க மறந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். இதுவோ அணைந்து, இருண்டு, கட்டைபோலக் கிடந்தது. நாங்கள் சோறு பிசைந்தது, பிள்ளை குழம்பு ஊற்றியது, அவர் வெற்றிலை மடித்தது, அத்தனை நேரத்தையும் ஒருவருக்கும் தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் ஒரு பாட்டைக்கூடப் பாடமாட்டாத என் பழைய பற்றறிகளால்.

தாள் கிரீச்சிட்டு வந்தது. தம்பி வாசித்தார். ஜென்மச் சனி இல்லை.

தகப்பனார் தாளை மடித்து மடிக்குள் வைத்தார். "சரி, தங்கச்சி. நல்ல நாளையும் உந்தப் பெட்டியிட்டையே கேட்டுச் சொல்லுங்கோவன்."

"நல்ல நாளை நான் பார்ப்பன், அண்ணை. அது நேரத்தைப் பார்க்கட்டும்" என்றேன். அப்போதுதான் தேத்தண்ணீர் கேட்டார்.

அவர் போனபின், ஜெனரேற்றர் அடங்கிய அமைதியில், நான் முன்னறைக்குப் போய்ப் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. பின்னால் பிள்ளை வந்து நின்று, "என்ன பெரியம்மா, கேக்குதோ?" என்றாள்.

"ஓம், கேக்குது" என்றேன்.