என் நாவலில் இல்லாத அலை

சுனாமி வந்த நேரத்தில் நான் கண்டியில் ஒரு கலியாண வீட்டில் இரண்டாம் தடவையாக இடியப்பம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொல்வதில் வெட்கமில்லை. அந்த அலையைப் பற்றி, ஏதோ அதன் முதுகில் ஏறி வந்தவனைப்போல இருபது பக்கம் எழுதி, அதுவே என் முதல் நாவலின் உச்சம் என்று நம்பியிருந்தேனே, அதுதான் வெட்கம்.

யுத்தம் முடிந்த புதிதில் அந்தப் பிரதியைக் கொழும்புப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. நானோ நாவல் வருகிறது என்று எங்கள் ஊரான கல்முனை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மிஞ்சியவர் மருதமுனையில், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்றழைக்கும் அச்சகக்காரர் ஒருவர்தான். கடலோரத்தில் இருந்த அவருடைய அச்சகம் அலையோடு போய்விட்டது. பிறகு வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டின் முன்னறையில் கலியாண அழைப்புக் காட் அடித்து, அந்த வருமானத்தில் வருடத்துக்கு ஒரு புத்தகம் போட்டுவந்தார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. எழுதியவரே முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் காட்டுகளை மடித்தபடி கேட்பார். அலை கருநாகமாய்ப் படமெடுத்த இடத்தில் அவர் கை நின்றது.

"தம்பி, அண்டைக்கு நீங்க எங்க நிண்டீங்க?"

"கண்டியில, காக்கா."

"அப்ப இத எடுங்க. அலைய எங்களுக்குத் தெரியும். நீங்க திரும்பி வந்த கதையக் காணல்லயே?"

"அதுல ஒண்டுமில்ல காக்கா."

"அந்த ஒண்டுமில்லாதத எழுதிட்டு வாங்க. இல்லாட்டி நான் அடிக்கமாட்டன்."

கலியாணக் காட் அடிக்கிறவருக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று கறுவிக்கொண்டே வீடு வந்தேன். போவதற்கு வேறு பதிப்பகம் இல்லை என்பதால் மட்டுமே கோபம் தணிந்தது. அலை வந்த இருபது பக்கத்தையும் எடுத்துவிட்டு, லொறியில் தொற்றி வந்ததை எழுதினேன். எங்கள் வீடிருந்த ஒழுங்கை எந்தச் சந்து என்று தெரியாமல் நின்றதை எழுதினேன். பள்ளிக்கூட முகாமில் யாரோ ஒருவரின் சாரனை இடுப்பில் கட்டிக்கொண்டு குந்தியிருந்த வாப்பா என்னைக் கண்டதும், "கலியாணம் நல்லா நடந்ததா மகன்?" என்று உண்மையாகவே விசாரித்ததையும் எழுதினேன்.

வாசித்து முடித்தபோது காக்கா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். "இது உங்கட" என்றார். அன்றே தட்டச்சில் உட்கார்ந்தார். அதன்பின் ஒவ்வொரு வரிக்கும் என்னோடு சண்டை பிடித்தார். என் எழுத்தை அவ்வளவு கவனமாக இன்றுவரை வேறு யாரும் கேட்டதில்லை. அவர் இல்லாவிட்டால் நான் ஒரு மோசமான நாவலின் ஆசிரியன். இப்போது சுமாரான ஒன்றின் ஆசிரியன். இந்தப் பதவி உயர்வுக்கு அவருக்குத்தான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெளியீட்டு விழாவில் நூலாய்வு செய்ய வந்த பள்ளிக்கூட அதிபர், "அந்த அலையை எப்படி வர்ணித்திருக்கிறார்! வாசிக்கும்போதே என் கால் நனைந்தது" என்று முழங்கினார். சபை கைதட்டியது. முதற்பிரதி வாங்கிய முதலாளியும் பலமாகத் தலையாட்டினார். நான் கையிலிருந்த பிரதியில் அந்த அலை எங்கே என்று புரட்டிப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்ததும், கதிரை அடுக்கிக்கொண்டிருந்த காக்காவிடம் முறையிட்டேன்.

"ஆள் புத்தகத்த வாசிக்கவே இல்ல காக்கா."

"அதுக்கு ஏன் தம்பி கவலப்படுறீங்க? வாசிச்ச ஆக்கள் இன்னும் வாயத் திறக்கல்ல."