செய்கை இல்லாத விடை

முதல் தடவை புள்ளி குறைந்தபோது, கேள்விகள் கடினம் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். ஊரில் கணித டீச்சர் என்று பெயர் எடுத்தவள் வேறு என்னத்தைச் சொல்வது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கேட்பவர்கள் கணினியில் எழுதுகிற பரீட்சை அது. அதன் கணிதப் பகுதி எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யக்கூடியது. எனக்கு நேரம் போதவில்லை. கடைசிக் கேள்விகளைக் கண்ணாலும் காணவில்லை.

என்னைச் சேர்க்க விரும்பிய பேராசிரியர், கணிதப் புள்ளி மட்டும் உயர்ந்தால் போதும் என்று எழுதினார். விண்ணப்ப முடிவுத் திகதிக்குள் இன்னும் ஒரு தடவைதான் எழுதலாம். நாற்பது தாண்டிய எனக்கு, இந்த முறை விட்டால் விட்டதுதான்.

குறைந்த புள்ளியோடு கொழும்பிலிருந்து நான் திரும்பிய அன்று என் கணவர் பருத்தித்துறைக்குப் போய் நல்ல அறக்குளா மீன் வாங்கி வந்தார். அச்சுவேலியில் வெங்காயத் தோட்டம் பார்க்கிற மனிதர். மீனுக்காக அவ்வளவு தூரம் போகிற ஆள் இல்லை. "கவலைப்படாதையும்" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். அவருடைய முகத்திலிருந்த தெளிவு எனக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் இரண்டு வருடம் போனால் வீட்டில் அவர் தனி. அது தெரிந்தும் எரிச்சல் வந்தது. மீனை மட்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டேன்.

மறுபடி படிக்கத் தொடங்கினேன். பின்னேரங்களில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியையும் கணக்குச் செய்து பார்க்க வெற்றுத் தாளையும் வைத்து மாதிரிப் பரீட்சை செய்வேன். நேரம் பார்க்க ஆள் வேண்டுமென்று அவரைப் பிடித்து இருத்தினேன். சில நாட்கள் மணிக்கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் வாயைத் திறந்தார்.

"உந்தக் கோடு என்னத்துக்கு?"

"விடைக்குக் கீழை கீற வேணுமெல்லோ."

"விடையைத்தான் கொம்பியூட்டரிலை அமத்திப்போட்டீரே. உந்தத் தாளை ஆர் பாக்கிறது?"

"ஒருத்தரும் பாக்கமாட்டினம். முடிய வாங்கி எறிஞ்சுபோடுவினம்."

"அப்ப ஏன் அடிமட்டம் வைச்சு ரெண்டு கோடு கீறுறீர்?"

தாளைப் பார்த்தேன். சமன் குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. 'ஆகவே' என்றுகூட எழுதியிருந்தேன். விடை மட்டும் எழுதினால் முட்டை, படிப்படியாகச் செய்து காட்டுகிற செய்கைக்குத்தான் புள்ளி என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளைப் போட்டு வறுத்தவள் நான். கொழும்பில் பரீட்சை எழுதும்போதும் இதையேதான் செய்திருக்கிறேன், அடிமட்டம் இல்லாததால் கையால் கோடு போட்டு. குப்பைக்குப் போகிற தாளில் வடிவாக எழுதியே நேரத்தைத் தின்றிருக்கிறேன். வெட்கத்தில் அவர்மேல்தான் எரிந்து விழுந்தேன். "நான் சும்மா கேட்டனான்" என்றபடி எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதுதான் உறைத்தது. அவர் அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்காவிட்டால் நான் எங்கும் போயிருக்க மாட்டேன்.

பழக்கத்தை விடுவது லேசுப்பட்ட காரியமாக இருக்கவில்லை. தந்த ஐந்து விடைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சரியானதைப் பிடிப்பது எனக்குக் களவு செய்வது போலிருந்தது. மனதால் செய்யச் சொன்னால் கை தானாகப் பேனையை எடுக்கும். அவர் பேனையைப் பறித்து வைத்துக்கொள்வார். மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில், செய்கையே இல்லாத விடைக்குச் சரி போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை கொப்பியைத் திருப்பிக்கொண்டு வந்து, "டீச்சர், நான் செய்கை எழுதேல்லையே, உங்களுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டாம் தடவை கொழும்புக்கு அவரும் வந்தார். கடைசிக் கேள்வியையும் செய்து முடித்தபோது நேரம் மிச்சமிருந்தது. சற்று நேரத்தில் புள்ளி திரையில் வந்தது. இரண்டு தரம் வாசித்துவிட்டு வெளியே ஓடினேன். அவர் மதில் நிழலில் நின்றார்.

"புள்ளி காணுமோ?"

"காணும். தேவையை விடக் கூடவே வந்திருக்கு."

அவர் சிரித்தார். அது உண்மையான சிரிப்பு. தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டு, "பிள்ளையாருக்கு நேத்தி வைச்சனான். தேங்காய் உடைக்க வேணும்" என்றார்.

"எத்தினை?"

"ஒண்டு."

"இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு தேங்காய்தானோ?" என்று சண்டைக்குப் போனேன்.

அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "சரிவந்தால் ஒரு தேங்காய், சரிவராட்டில் பொங்கலும் மோதகமும் எண்டு வைச்சனான்."

"சரிவராட்டிலோ?"

"ஓம்."

கோபம் வாய்வரை வந்தது. பேச வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. இந்த மனிதர் இல்லாமல் இரண்டு வருடம் எப்படி இருக்கப் போகிறேன் என்பதை, போக வேண்டும் என்ற அவதியில், அதுவரை நான் ஒருநாளும் யோசித்திருக்கவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நான் பரீட்சையில் தவறிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

இடம் கிடைத்து, ஆவணியில் அமெரிக்காவுக்குப் போகிறேன். கொழும்பிலிருந்து ஊருக்குத் திரும்பிய வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். அவர் தேங்காயை உடைத்தார். பொங்கலையும் மோதகத்தையும் நான் செய்தேன்.