பேட்டைக் கீழே போடுங்க

என் கணவருக்குக் கிரிக்கெட், எனக்கு பேஸ்பால். மதுரையில் இதைச் சொன்னால் இன்றைக்கும் ஒருத்தரும் நம்புவதில்லை. விடியற்காலையில் காப்பியும் கையுமாக டிவி முன்னால் உட்கார்ந்து, அமெரிக்காவில் எவனோ ஓடுவதற்கு நான் இங்கே பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு, இந்தப் பித்து எங்கே பிடித்தது என்று கேட்பார்கள். சவூதியில், ஜுபைலில் பிடித்தது. அங்கே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தைக் கழித்துப் பார்த்தால் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி. ஆலைகள் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தன. இவர் பைப்லைன் டிசைனில் இன்ஜினியர். கேம்ப்பில் குடும்பக் குவார்ட்டர்ஸ் என்று எங்களுக்கு ஒரு தகரப் பெட்டி கொடுத்திருந்தார்கள். வாரம் பூராவும் டியூட்டி பார்த்த மனுஷன் வெள்ளிக்கிழமை சாப்பிட்டதும் குறட்டை விடுவார். அந்தப் பக்கம் ஏசி உறுமும், இந்தப் பக்கம் இவர். ஒருநாள் பொறுக்க முடியாமல் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே நடந்தேன்.

மெஸ்ஸுக்குப் பின்னால் மணலைச் சமன் செய்து அமெரிக்க இன்ஜினியர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பந்தை அடித்தான். அடித்த கையோடு, ஏதோ சுட்டுவிட்டதுபோல பேட்டை வீசி எறிந்துவிட்டு ஓடினான் பாருங்கள், நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

விஷயம் ரொம்ப எளிது. நாலு மூலையில் மணல் ரொப்பிய நாலு சாக்கு. அடித்தவன் மற்ற மூன்றையும் மிதித்துவிட்டுப் புறப்பட்ட சாக்குக்கே திரும்பினால் ஒரு ரன். அவன் கால் படுவதற்குள் பந்தோடு வந்து அவனைத் தொட்டுவிட்டால் அவுட். கிரிக்கெட்டில் ஒருத்தன் நாள் முழுக்கக் கட்டை போட்டுக்கொண்டு நிற்பான், இவர் அதைப் பார்த்து, ஆகா என்ன டெக்னிக் என்று உருகுவார். இங்கே ஒழுங்காக அடித்துவிட்டால் ஓடியே ஆகவேண்டும், நின்று யோசிக்கிற பேச்சே கிடையாது. என் சுபாவத்துக்கு அது சரியாக ஒத்துப்போனது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை.

ஒரே ஒரு குறை. உள்ளே தார்ப்பாய்ப் பந்தலில் நாற்காலி போட்டிருப்பார்கள். அது ஆடுகிறவர்களின் குடும்பத்துக்கு. நானும், கேம்ப்பில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை பாயும் கம்பிக்கு வெளியே வெயிலில் நிற்போம். உள்ளே வராதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கூப்பிடாத இடத்தில் போய் உட்கார எனக்கு ரோஷம் விடவில்லை. ஆனால் அந்த நாற்காலி மேல் எனக்கு இருந்த ஆசை, நகை மேல்கூட இருந்ததில்லை.

பாய்க்கு இந்த ஆட்டம் பிடிபடவே இல்லை. “கெளம்புன எடத்துக்கே திரும்பி வர்றதுக்கா தங்கச்சி இத்தன பாடு?” என்றார் ஒருநாள். நாம மட்டும் என்ன பண்ணுறோம் பாய் என்று கேட்டேன்.

எதிர் கேம்ப்போடு மாட்ச் வந்தது. அவர்களை எங்கள் ஆட்கள் ஜெயித்ததே இல்லை. அந்த நேரம் பார்த்து ஒருவன் கையை உடைத்துக்கொண்டான். டீம் கேப்டன்தான் இவருடைய மேனேஜர். இவர் ஆபீஸில் சும்மா இருந்திருப்பாரா, காலேஜ் கிரிக்கெட்டில் தான் அடித்த அடியையெல்லாம் அளந்து வைத்திருந்தார். நீயே வா என்று கூப்பிட்டுவிட்டார்கள். இவர் மீசையைத் தடவிக்கொண்டு வந்து சொன்னபோது என் கண்ணுக்கு நாற்காலிதான் தெரிந்தது. நன்றாக ஆடினால் டீமில் நிரந்தரம், அப்புறம் நான் பந்தலுக்குள்.

அந்த வாரம் முழுக்கச் சப்பாத்திக் கட்டையை அவர் கையில் கொடுத்து, காலுறையைச் சுருட்டி எறிந்து பழக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், ஒன்றைத் தவிர.

“அடிச்ச உடனே பேட்டைக் கீழே போட்டுட்டு ஓடணும்ங்க.”

“டக் அவுட் ஆனப்பக்கூட நான் பேட்டைக் கீழே போட்டதில்ல, தெரியுமா?”

பெரிய பெருமை. தலையில் அடித்துக்கொண்டேன்.

மாட்ச் அன்று கடைசிச் சுற்று வரை சமம். எங்களுக்கு ஒரே ஒரு ஆள் பாக்கி, அது இவர். சுற்றி வந்தால் வெற்றி. பந்து தாழ்வாக வந்தது. இவர் பழக்கதோஷத்தில் ஒற்றை முழங்காலைப் போட்டுக்கொண்டு பெருக்கித் தள்ளினார். மூன்றாவது சாக்கை ஒட்டிச் சீறிக்கொண்டு போன பந்து தண்ணி லாரிக்கு அடியில் புகுந்தது. ஓடினார். முதல் சாக்கு, இரண்டாவது சாக்கு. மூன்றாவதன் பக்கத்தில் மேனேஜர் இரண்டு கையையும் தூக்கி, நில் என்று கத்தினார். எனக்கோ லாரி நன்றாகத் தெரிந்தது. எதிராளி குப்புறப் படுத்துத் துழாவிக்கொண்டிருந்தான். நேரம் இருந்தது.

“நிக்காதீங்க, வாங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் கேம்ப்பே திரும்பிப் பார்த்தது. அந்த ஊரில் ஒரு பெண் அப்படிக் கத்தி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாய் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இவர் வந்தார். மேனேஜரைத் தாண்டி, குடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்போல வந்தார். அப்போதுதான் கவனித்தேன், குடையில்லை, பேட். மூன்று சாக்கையும் அதோடுதான் சுற்றியிருக்கிறார். பேட்டைப் போடுங்க என்று நான் கத்துவதற்குள் ரன் அவுட்டுக்குத் தப்புகிற மாதிரி குனிந்து, பேட்டை நீட்டி, மணலில் தேய்த்து, அதன் நுனியைச் சாக்கில் வைத்துவிட்டு ஜம்மென்று நின்றுவிட்டார். உடம்பு இந்தப் பக்கம், பேட் அந்தப் பக்கம். அதற்குள் லாரியடியிலிருந்து பந்து வந்து சேர்ந்துவிட்டது, அதைப் பிடித்தவன் சாவகாசமாக நடந்து வந்து இவர் தோளில் தொட்டான்.

அவுட். “பேட் உள்ள இருக்கே” என்று இவர் அம்பயரிடம் தமிழிலேயே நியாயம் கேட்டார். சமம் என்பதால் கூடுதலாக ஒரு சுற்று ஆடினார்கள், அதில் எங்கள் ஆட்கள் தோற்றார்கள்.

மேனேஜர் நேராக வேலிக்கு வந்தார். கத்தினது யார் என்று கேட்டார். பின்னாலேயே வந்த இவர், என் மனைவி என்று மெல்ல இழுத்தார். வேலை போச்சு என்று நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்து, நீங்கள் கூப்பிட்ட நேரம் சரி, தப்பெல்லாம் பேட்டில்தான், அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். அப்படித்தான் எனக்கு நாற்காலி கிடைத்தது. இவரை மறுபடி ஆடக் கூப்பிடவே இல்லை. ஐஸ் பெட்டி தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்.

அன்று குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும்போது உடம்பெல்லாம் மணலோடு தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

“உங்க மேனேஜரு நிக்கச் சொன்னாருல்ல, ஏன் வந்தீங்க?”

“அவன் நிக்கச் சொன்னான், நீ வரச் சொன்னே. வீட்டுக்கு நான் யாருகூடப் போகணும்?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நடு ரோடு என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். பிடிக்க முடியவில்லை, இன்னும் அந்தக் கையில் பேட் இருந்தது.