காளானுக்கு எத்தனை நாள் தீட்டு

எங்கள் மட்டாஞ்சேரித் தெருவில் மண்டல விரதம் முடிகிற அன்று சாயங்காலம், பஜனைக் கூடத்துப் பெரிய விளக்கை ஒரு பொம்பளைதான் ஏற்றுவாள். நாற்பத்தொரு நாளும் மீன், கறி தொடாத, தெருவிலேயே மூத்தவள். ரொம்ப வருஷமாக ஏற்றிவந்த அக்கா, தன் மகளோடு பள்ளுருத்திக்குக் குடிபோய்விட்டாள். அடுத்தபடி மூத்தவர்கள், ஒரே வயசில் இரண்டு பேர். நான், அப்புறம் அடுத்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார். அவளுக்கு விட்டுக்கொடுக்கிற குணம் எனக்குக் கிடையாது. உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அன்றைக்கு மத்தியானம் நாத்தனார் ஒரு கிண்ணத்தில் காளான் குழம்பு கொண்டுவந்தாள். தேங்காய் வறுத்து அரைத்தது. கண்ணை மூடிச் சாப்பிட்டால் கறி தோற்றுப்போகும். அவள் முன்னாலேயே இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றேன். இல்லாவிட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது.

அவள் போனதும் மாடியில் வாடகைக்கு இருக்கிற டீச்சர், மோட்டார் போடச் சொல்லி இறங்கி வந்தாள். எர்ணாகுளத்தில் ஏதோ காலேஜில் பாடம் எடுக்கிறாள். உலகத்து உயிர்களுக்கெல்லாம் பேர் வைத்து, எது எதற்குச் சொந்தம் என்று பிரிப்பது அவள் படிப்பு. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன் என்றாலும் நானும் அந்த வேலைதான் செய்கிறேன். இந்தத் தெருவில் யாருக்கு யார் என்ன முறை என்று என்னைக் கேட்காமல் யாரும் பெண் பார்க்கப் போவதில்லை.

"விரதத்துக்குக் காளான் மாதிரி ஒரு காய் வராது டீச்சரே" என்றேன்.

"அம்மே, அது காயே இல்ல. செடியும் இல்ல. பண்டு செடியோட சேர்த்துத்தான் எழுதி வெச்சிருந்தாங்க. இப்ப அது தனி வம்சம். செடியவிட மிருகத்துக்குத்தான் கிட்டின சொந்தம்."

"மிருகம்னா?"

"ஆடு, மீன், நம்மளெல்லாம்."

முதலில் சந்தோஷமாக இருந்தது. நாத்தனார் கதை முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு குடும்பமும் எப்பப் பிரிஞ்சது?"

"கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு அம்மே."

எனக்கு உயிர் வந்தது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் நெருங்கினவர்களுக்குத்தான் பத்து நாள், பதினாறு நாள் தீட்டு. தலைமுறை தள்ளிப்போனால் தலைக்கு ஊற்றினால் போதும். கோடி வருஷத்துப் பங்காளிக்கு அதுவே அதிகம். உடனே குளியலறைக்குள் போய் நாலு குடம் தலையில் கவிழ்த்தேன். நாத்தனாரிடம் மூச்சு விடவில்லை. ஜலதோஷத்துக்குப் பயந்து, காலையில் ஒரு தரம் தலைக்கு ஊற்றினால் அப்புறம் அவள் ஊற்ற மாட்டாள். எனக்கு அது தெரியும்.

சாயங்காலம் பஜனைக் கூடத்தில் எல்லாப் பெண்களும் கூடினபோது எழுந்து நின்று சொன்னேன். காளான் மிருகத்துக்குச் சொந்தம், படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று.

நாத்தனார் அசரவில்லை. "மதினி, ரெண்டு கரண்டி வாங்கித் தின்னுட்டு உப்புன்னு குத்தம் சொன்னது யாரு?"

"தின்னேன். இல்லைன்னு சொல்லலையே. தூரத்துப் பங்காளிக்கு என்ன செய்யணுமோ அதைச் செஞ்சேன், தலைக்கு ஊத்தினேன். உன் தலை காஞ்சு கிடக்கே ஏட்டி!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஜால்ரா ஒன்று கீழே விழுந்தது. நாத்தனார், வேடிக்கை பார்க்க வந்திருந்த டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"டீச்சரே, அந்தக் காளான் வம்சத்தில வேற யாரெல்லாம் உண்டு?"

பாடம் எடுக்கிறவர்களிடம் கேள்வி கேட்டால் நிறுத்துவார்களா? "மழைக்காலத்தில செருப்பில பிடிக்கிற பூசணம். ரொட்டியில வர்ற பூசணம். பின்ன, அப்பத்துக்கு மாவு பொங்கறதுக்குப் போடுற ஈஸ்ட்..."

கூடத்தில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் முன்னால்தான் அத்தனை பேருக்கும் என் கையால் அப்பம் சுட்டுக் கொடுத்திருந்தேன். விரதத்துக்குக் கள்ளு ஆகாதென்று, கடையில் வாங்கின ஈஸ்ட்டைப் போட்டுத்தான் மாவைப் பொங்க வைத்தேன். குளித்துவிட்டு வந்து நானும் நாலு தின்றிருந்தேன். பழைய சண்டை ஒன்றில், என் அப்பத்தைத் தொடுவதில்லை என்று விட்டவள் நாத்தனார் ஒருத்திதான்.

"அப்போ எல்லாருக்கும் தலைக்குளிதானே மதினி? நீங்க சொன்ன சட்டம்தான்" என்றவள் வாசலைத் தாண்டிவிட்டாள். அவள் வீடு கூடத்துக்கு எதிரே. கூடத்துக் குழாயோ ஒன்றே ஒன்று. நாங்கள் இருபது பேர் அதன் முன்னால் யார் முதல் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் தலை சொட்டச் சொட்ட வந்து விளக்கு முன்னால் நின்றாள். இருட்டுவதற்குள் ஏற்றியாக வேண்டும். எங்களில் ஒருத்தி தலையும் இன்னும் நனையவில்லை.

அவள் தீக்குச்சியை உரசினாள். டீச்சர் என் காதோரம் குனிந்தாள். "அம்மே, குளிச்சாலும் பிரயோஜனம் இல்ல. அந்த வம்சத்துக்காரங்க நம்ம தலைத் தோல்லயே குடியிருக்காங்க. எல்லாருக்கும் உண்டு."

நாத்தனாரின் ஈரத் தலையைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் திரி பிடித்துவிட்டது.